சொன்னது சொன்னபடி

காலைக் காப்பியை மனைவியோடு பேசிக்கொண்டே குடித்தால்தான் நாச்சிமுத்துவுக்குப் பொழுது விடிந்த கணக்கு. மனைவி சாந்தாமணி செத்து ஒன்பது வருடம் ஆகிறது என்பதை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டு, ‘மடலகம்’ என்ற அந்தப் பழைய மெயில் புரோகிராமைத் திறந்து, "எந்திரிச்சாச்சா?" என்பார்.

"இனிய காலை வணக்கம். இரவு நன்றாக உறங்கினீர்களா? தைலம் தேய்த்துக்கொள்ள மறந்துவிடாதீர்கள்" என்று சாந்தாமணி சொல்வாள்.

இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. மடலகம் மாதிரியான புரோகிராம்களுக்கு அப்படி ஒரு வித்தை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இறந்துபோனவர் சேமித்து வைத்த மெயில்களையெல்லாம் அது படிக்கும். அவர் எழுதிய விதத்திலேயே பேசும். கேட்ட கேள்விக்கு அவர் என்ன பதில் எழுதியிருப்பாரோ அதைச் சொல்லும். திருப்பூரில் பாதி வீடுகளில் இப்படி ஒரு அம்மாவோ அப்பனோ மேசை மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் வீட்டுக் குரல்கள் அதே புராணத்தைத் திரும்பத் திரும்பப் பாடும், நம் சாந்தாமணியோ என்ன பதமாகப் பேசுகிறாள் என்று நாச்சிமுத்துவுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. ஒரு நாள்கூட அவள் முகம் சுளித்துப் பேசியதில்லை. அவர் சொன்ன எதையும் மறுத்ததும் இல்லை.

ஒரே மகள் நிரஞ்சனா மட்டும் இந்தக் குரலோடு பேச மறுத்தாள். அவள் மெல்போர்னில் தனியாக இருந்தாள். "அம்மாகூட ரெண்டு வார்த்தை பேசேன் கண்ணு" என்று அவர் கெஞ்சும்போதெல்லாம், "அம்மா எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டாங்கப்பா" என்று போனை வைத்துவிடுவாள். தாய் செத்த அன்றும் அவள் அழவில்லை. பெங்களூரிலிருந்து புருஷனோடு வந்தாள், மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் காரில் ஏறினாள். அதற்கு இரண்டு வருடம் கழித்து அந்தப் புருஷனை விட்டு விலகினாள். அதற்குள் அவன் அடித்த அடியில் அவளுக்கு இடது காது கேட்காமல் போயிருந்தது. பெற்றவள் மேல் இவ்வளவு வீம்பா என்று நாச்சிமுத்துவுக்கு மனசு ஆறவே இல்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் மடலகத்தை மூடப்போகிறோம் என்று அந்தக் கம்பெனியிலிருந்து அறிவிப்பு வந்தது. மாதக் கடைசிக்குள் சேமித்த மெயில்களை வேறு புரோகிராமுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் மெயிலும் போகும், குரலும் போகும். மனைவியை இரண்டாம் முறை பறிகொடுத்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. அதே தெருவில் நாலு பேர் ‘தூதன்’ என்ற புதுப் புரோகிராமுக்கு மாறியிருந்தார்கள். அங்கே எழுதிக் கேட்டார். ஆளை அனுப்புகிறோம் என்றார்கள்.

வந்தவள் ஜெசிந்தா. முப்பத்தைந்து வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி வாசலிலேயே வைத்துவிட்டு, கேட்காமலே மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஃபைலை இங்கிருந்து எடுத்து அங்க போடறதுக்கு நீ எதுக்கம்முணி இவ்வளவு தூரம் வரோணும்?" என்றார் நாச்சிமுத்து.

"வெறும் மெயில்னா நீங்களே மாத்திக்கலாம் அங்கிள். இறந்தவங்க குரல் அதுல இருந்தா, பக்கத்துல சாட்சி ஒருத்தர் இருக்கணும்னு இப்ப சட்டம். அந்தச் சாட்சி வேலைதான் எனக்கு."

"அதுக்கு எதுக்கு சட்டம்?"

"செத்துப்போன அப்பா குரல்ல, ‘தோட்டத்தைத் தம்பிக்கே எழுதிக் குடுத்துரு’ன்னு பேச வெச்சு எத்தனை குடும்பத்துல ஏமாத்தினாங்க தெரியுங்களா? அந்த அப்பா அப்படி ஒரு வார்த்தை எழுதினதே இல்லை. மகன் எழுதி உள்ள நுழைச்சது. அதனால, அவங்கவங்க எழுதினதுல இருந்துதான் அவங்கவங்க குரல் வரணும். அடுத்தவங்க எழுதினது கலக்கக் கூடாது."

"இங்க கலக்க ஆளே இல்லை. ஒவ்வொரு மெயிலுக்கும் கீழ ‘அன்புடன், சாந்தாமணி’ன்னு போட்டிருக்குது பாரு."

ஜெசிந்தா தூதனை ஏற்றினாள். பழைய ஃபோல்டரைக் காட்டினாள். திரையில் இரண்டு பத்திகள் விரிந்தன. ஒன்றின் தலையில் நாச்சிமுத்து என்றும் மற்றதன் தலையில் சாந்தாமணி என்றும் இருந்தது. மெயில்கள் ஒவ்வொன்றாக வந்து விழத் தொடங்கின. எல்லாம் அவர் பெயருக்குக் கீழேயே விழுந்தன. அன்புடன் சாந்தாமணி, அன்புடன் சாந்தாமணி என்று கையெழுத்திட்டவைகூட அங்கேதான் போய்ச் சேர்ந்தன. சாந்தாமணியின் பத்தி வெகுநேரம் காலியாகக் கிடந்தது. அப்புறம் ஒன்று வந்தது. காஸ் சிலிண்டர் இன்னும் வரவில்லை என்று ஏஜென்சிக்கு எழுதியது.

"உங்க புரோகிராமுக்குக் கண்ணு தெரியலையா?" என்று நாச்சிமுத்து எகிறினார்.

"மடலகம் இருக்குது பாருங்க, அது நீங்க அடுத்து என்ன வார்த்தை அடிப்பீங்கன்னு முன்கூட்டியே காட்டும் இல்லீங்களா? அதுக்காக நீங்க கீபோர்டைத் தட்டற விதத்தையே பதிஞ்சு வெச்சிருக்கு. எங்க வேகமா அடிக்கறீங்க, எங்க நின்னு யோசிக்கறீங்க, எல்லாம். அது ஆளுக்கு ஆள் மாறும். தூதன் பேரைப் பார்க்காது, விரலைத்தான் பார்க்கும். இதெல்லாம் நீங்க அடிச்சது அங்கிள்."

"நான் அடிச்சதுதான். அவ சொல்லச் சொல்ல அடிச்சேன்."

உண்மையும் அதுதான். அந்த வீட்டில் ஒரே ஒரு மெயில் முகவரி. கல்யாணப் பத்திரிகையில் போட்ட மாதிரி இருவர் பெயரையும் ஒட்டி நாச்சிமுத்துவே உண்டாக்கியது. அவர் பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கடிதம் எழுதும் வேலையில் இருந்தார். சாயம் போன சரக்கைப் பற்றி ஜெர்மனிக்காரன் கோபமாக எழுதினால், இவர் எழுதும் பதிலைப் படித்துவிட்டு அவனே மன்னிப்புக் கேட்பான் என்று கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. அப்பேர்ப்பட்ட கை வீட்டில் இருக்கும்போது சாந்தாமணி எதற்குத் தட்டுத் தடுமாற வேண்டும்? சாயங்காலம் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். அவள் கீழே உட்கார்ந்து பூண்டு உரித்தபடி சொல்லுவாள்.

"இங்க மூணு நாளா அடைமழை, மாடி ஒழுகுது, உங்கப்பாகிட்டச் சொன்னாக் காதுலயே வாங்கறதில்லைன்னு போடுங்க" என்பாள்.

‘இங்கு பருவமழை சிறப்பாகப் பெய்து வருகிறது. வீட்டில் அனைவரும் நலம்’ என்று அவர் அடிப்பார்.

"நான் சொன்னதைப் போட்டீங்களா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. மேல சொல்லு."

இதில் அவர் தப்பாக எதையும் கண்டதில்லை. அவளுக்கு நல்ல சொற்கள் வராது, தன்னிடம் இருக்கிறது, கொடுத்தோம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார். எத்தனை வீட்டில் புருஷன் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து அடித்துக் கொடுக்கிறான் என்றும் சில நாள் அவளிடமே சொல்லிக் காட்டியிருக்கிறார்.

"சொல்லச் சொல்ல அடிச்சதுன்னா ஒரு வழி இருக்குதுங்க" என்றாள் ஜெசிந்தா. "கண்ணு தெரியாதவங்க, கை நடுங்கறவங்க எல்லாம் அடுத்தவங்களை வெச்சுத்தானே அடிப்பாங்க. அதுக்காகச் சட்டத்துலயே இடம் விட்டிருக்காங்க. ‘சொன்னது சொன்னபடி’ன்னு ஒரு உறுதிமொழி. அவர் சொன்னதைத்தான் அடிச்சேன், கூட்டலை, குறைக்கலைன்னு நீங்க சொல்லணும். நான் சாட்சியாப் பதிவேன். அப்புறம் இது எல்லாம் அவங்க பக்கம் போயிரும். இப்ப பேசற குரல் அப்படியே வரும்."

"சொல்லாட்டி?"

"அவங்க விரல்ல அடிச்சது மட்டும்தான் அவங்களோடது. அது ரொம்பக் கொஞ்சம். குரல் வராது அங்கிள்."

நாச்சிமுத்து மூச்சு விட்டார். "அப்ப சொல்லீருவோம். எங்க தொடணும்?"

"இருங்க. அதுக்கு முன்னாடி இரட்டை வந்திருக்கானு பார்க்கும். ஒரே நாள்ல, ஒரே ஆளுக்கு, ரெண்டு விதமாப் போட்ட மெயில் இருந்தா, எது நிஜமானதுன்னு நீங்கதான் சொல்லணும். இன்னொண்ணு அழிஞ்சிரும்."

"இரட்டைக்கு இங்க வழியே இல்லை. வேண்டாததை அப்பப்ப அழிச்சிருவேன்."

"மடலகத்துல நீங்க அழிச்சது, திருத்தறதுக்கு முன்னாடி இருந்தது, எதுவும் அழியலைங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாம மறைச்சு வெக்கும், அவ்வளவுதான். ஃபோல்டரை இறுக்கிச் சுருக்கினாத்தான் நிஜமாப் போகும். அதை யாரும் செய்யறதில்லை. வேற புரோகிராமுக்குக் கொண்டு போறப்ப எல்லாம் எந்திரிச்சு வந்திரும்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, திரையில் ஒரு இரட்டை வந்து நின்றது. இரண்டும் நிரஞ்சனாவுக்கு எழுதியவை. சாந்தாமணி இறப்பதற்கு எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. இடது பக்கத்தில் இருந்தது நாச்சிமுத்துவின் விரல்.

‘அன்பு மகளே, உன் கடிதம் கிடைத்தது. இல்லறம் என்றால் இன்பமும் துன்பமும் கலந்துதான் வரும். மாப்பிள்ளைக்கு வேலைப் பளு அதிகம். நீதான் சற்று அனுசரித்துப் போக வேண்டும். அவசரப்பட்டு எந்த முடிவுக்கும் வந்துவிடாதே. இரு குடும்பத்தின் கௌரவமும் உன் கையில் இருக்கிறது. பொறுமையாக இரு. அன்புடன், அம்மா சாந்தாமணி.’

வலது பக்கத்தில் இருந்தது சாந்தாமணியின் விரல்.

‘கண்ணு அவன் கை நீட்டறானா. நீ எனக்கு இத்தனை நாளாச் சொல்லவே இல்லையே சாமி. கெளம்பி வந்துரு. துணிமணி ஒண்ணும் எடுக்க வேண்டாம். ஊரு ஆயிரம் பேசீட்டுப் போகுது. உங்கப்பங்கிட்ட நான் பேசிக்கறேன். உன்ற ரூமு இருக்குது நான் இருக்கறேன். வந்துரு.’

ஜெசிந்தா படித்தாள். படித்துவிட்டு, தன் கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து இப்படிப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பழகியிருக்க வேண்டும்.

நாச்சிமுத்துவுக்கு அந்த நாள் முழுசாக ஞாபகம் வந்தது. அதுவரை சுத்தமாக மறந்துவிட்டிருந்தார். அதுதான் இதில் கொடுமை. மறைக்கவில்லை, நிஜமாகவே மறந்துவிட்டார்.

அப்போது வீட்டில் இணைய இணைப்பு கிடையாது. அவர் தன் போனிலிருந்து இணைப்புக் கொடுத்தால்தான் மெயில் போகும். பகலில் சாந்தாமணி எதையாவது அடித்தால் அது அவுட்பாக்ஸில் காத்துக்கிடக்கும். சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்து அவர் ஒரு பார்வை பார்த்து, செம்மைப்படுத்தி அனுப்புவார். மாப்பிள்ளை அடிப்பதைச் சொல்லி, அவன் எந்நேரமும் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பதால் போனில் ஒன்றும் கேட்க வேண்டாம், மெயில் போடுங்கள் என்று மகள் எழுதியிருந்தாள். அன்று சாந்தாமணி அவருக்காகக் காத்திருக்கவில்லை. தானே உட்கார்ந்து அடித்திருந்தாள். அவர் வந்ததும், "கண்ணுக்கு ஒண்ணு அடிச்சு வெச்சிருக்கறன், அதை மட்டும் அனுப்பி உட்டுருங்க" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

அவர் படித்தார். மாப்பிள்ளையின் அப்பன் நூல் வியாபாரத்தில் பெரிய கை, அவர் கம்பெனிக்கே நூல் கொடுப்பவர். ஒரு வாரம் போனால் எல்லாம் சரியாகிவிடும், பொம்பளைகள் பதறினால் குடி கெட்டுவிடும் என்று நினைத்தார். வழக்கம்போலத் திருத்த உட்கார்ந்தார். முதல் வரியைத் திருத்தினார். அப்புறம் அடுத்த வரியை. திருத்தி முடித்தபோது அவள் எழுதியதில் ஒரு வார்த்தைகூட மிச்சம் இல்லை.

"அனுப்பியாச்சுங்களா?" என்று அவள் சமையலறையிலிருந்து கேட்டாள்.

"போயாச்சு" என்றார்.

மறுநாள் மகளின் பதில் வந்தது. அதையும் அவர்தான் படித்துக் காட்டினார். ‘நீ சொன்னபடியே செய்யறேன்மா’ என்று ஒரே வரி. அதைக் கேட்டதும் சாந்தாமணி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாரக் கடைசியில் ஆளைக் கூப்பிட்டு மாடி அறைக்கு வெள்ளை அடித்தாள். புது மெத்தை வாங்கிப் போட்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவருக்கு அப்போதே தெரிந்திருந்ததா? தெரியவில்லை என்று இத்தனை வருடம் இருந்துவிட்டார். பஸ் சத்தம் கேட்டால் அவள் வாசலுக்குப் போவாள். "அவ ஒண்ணும் எழுதலீங்களா?" என்று எப்போதாவது கேட்பாள். "வேலையா இருப்பா" என்பார். மகள் தானாக வரட்டும், நாம் நெருக்கினால் அந்தப் பாவி தெரிந்துகொண்டு இன்னும் அடிப்பான் என்று அவள் பயந்திருக்க வேண்டும். அப்படியே எட்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்து, ஒரு நாள் மத்தியானம் மாடிப்படியில் மயங்கி விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

"அம்முணி, ஒரு நிமிஷம்" என்று நாச்சிமுத்து பழைய மடலகத்தைத் திறந்தார். "சாந்தா, நிரஞ்சனாவுக்கு அன்னிக்கு என்ன எழுதுன?"

"பொறுமையாக இருக்கும்படி எழுதினேன். இல்லறம் என்றால் இன்பமும் துன்பமும் கலந்துதானே வரும்" என்றாள் சாந்தாமணி, எப்போதும் போலப் பதமாக.

"மாடி ஒழுகுதா?"

"பருவமழை சிறப்பாகப் பெய்து வருகிறது. அனைவரும் நலம்."

ஒன்பது வருடமாக இந்த மேசையில் அவளே இல்லை. அவர் கேட்டதற்கு அவரே பதில் சொல்லிக்கொண்டு, நம் மனைவி எவ்வளவு நல்லவள் என்று அவரே மெச்சிக்கொண்டு இருந்திருக்கிறார். சாந்தாமணி மறுத்துப் பேசவில்லையாம்! எப்படிப் பேசுவாள்? அவளைப் பேச விட்டால்தானே.

"இதுல எதை வெச்சுக்கறதுங்க?" என்று ஜெசிந்தா மெதுவாகக் கேட்டாள். "இடது பக்கம் தொட்டீங்கன்னா உறுதிமொழி குடுக்கலாம், குரல் வரும். வலது பக்கம் தொட்டீங்கன்னா, அவங்க சொன்னதை நீங்க மாத்தியிருக்கீங்கன்னு ஆயிருது. அப்புறம் மத்த மெயிலுக்கும் உறுதிமொழி செல்லாது. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் அங்கிள். நான் இங்க பார்த்ததை வெளியில சொல்ல மாட்டேன்."

இடது பக்கம் தொட்டால் நாளைக் காலை அவள் வணக்கம் சொல்லுவாள், தைலம் தேய்க்கச் சொல்லுவாள். மகளுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அவளுக்குக் கோபம் தாய் மேல்தான். அந்தத் தாயோ போய்ச் சேர்ந்துவிட்டாள், யாருக்கு என்ன நஷ்டம் என்றுகூட ஒரு கணம் அவர் மனசு பேரம் பேசிப் பார்த்தது. அவர் மனசுதானே, நல்ல வார்த்தைக்கு அதற்கு என்ன பஞ்சம். கை இடது பக்கம் வரைக்கும் போகவும் போயிற்று. அங்கேயே நின்றது.

போனை எடுத்தார்.

மெல்போர்னில் அப்போதுதான் நிரஞ்சனா வேலையிலிருந்து வந்திருந்தாள். "சொல்லுங்கப்பா, இந்நேரத்துல கூப்பிட மாட்டீங்களே" என்றாள். போனை வலது காதுக்கு மாற்றும் சத்தம் கேட்டது.

"கண்ணு, அம்மா உனக்கு ஒரு மெயில் போட்டாளே. பொறுத்துப் போன்னு."

"அதைப் பத்திப் பேச வேண்டாம்பா."

"அதை அம்மா எழுதலை. நான் எழுதுனது."

மறுமுனையில் நிரஞ்சனா நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அவ எழுதுனது வேற. வந்துருன்னு எழுதியிருந்தா. உடனே கெளம்பி வந்துருன்னு. நான்தான் அதை எடுத்துட்டு, அவ பேருல..." ஜெர்மனிக்காரனையே மடக்கிய மனுஷனுக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை.

நிரஞ்சனா கேட்டாள். "அம்மாவுக்கு இது தெரியுமா? நீங்க மாத்தினது?"

"தெரியாது. அவ எழுதுனதுதான் போச்சுன்னு நெனச்சா. நீ சொன்னபடியே செய்யறேன்னு நீ எழுதுனயே, நீ வரப்போறேன்னு நெனச்சுட்டா."

"அப்ப அந்த மாடி ரூமு... வெள்ளை அடிச்சு, புது மெத்தை போட்டு... செத்த வீட்டுக்கு வந்தப்போ நான் கேட்டேன்ல உங்ககிட்ட, யாருக்குப்பா இதுன்னு?"

"உனக்குத்தான் கண்ணு."

"விருந்தாளி வந்தாப் படுக்கறதுக்குன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

அவள் அழுதாள். தாயின் பிணத்துக்கு முன்னால் அழாதவள், ஒன்பது வருடம் அடக்கி வைத்திருந்தவள், போனைக் கீழே வைக்காமலே அழுதாள். அம்மா, அம்மா என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. நாச்சிமுத்து கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். எதைச் சொன்னாலும் தன்னுடைய சொல்லாகத்தானே இருக்கும் என்று மூடிக்கொண்டார்.

"அது இருக்குதா? அம்மா எழுதினது?" என்றாள் கடைசியில்.

"இருக்குது. படிக்கட்டுமா?"

"வேண்டாம்!" என்று கத்தினாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "நீங்க படிக்க வேண்டாம். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். அதை அப்படியே அனுப்புங்க" என்றாள். போன் துண்டித்தது.

நாச்சிமுத்து வலது பக்கத்தைத் தொட்டார். உறுதியாகத்தானா என்று தூதன் கேட்டது. ஜெசிந்தாவும் கேட்டாள். "திரும்ப எடுக்க முடியாது அங்கிள். பழைய குரலோட ஒருக்காப் பேசிக்கறீங்களா?"

அவர் மடலகத்தின் பக்கம் திரும்பினார். யாராக இருந்தால் என்ன, ஒன்பது வருடப் பழக்கம். "நான் வரட்டுமா?" என்றார்.

"தங்கள் பயணம் இனிதே அமைய வாழ்த்துகிறேன்" என்றது அது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போய் அழுகையில் முடிந்தது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, சரி என்று தலையை ஆட்டினார். ஜெசிந்தா சாட்சியாகப் பதிந்தாள். தூதன் வேலையை முடித்துக்கொண்டு, ‘சாந்தாமணி அவர்களின் குரலை அமைக்கப் போதிய எழுத்து இல்லை’ என்று ஒரு வரி காட்டியது. முப்பத்து நான்கு வருடக் குடித்தனம். அதில் அவள் எழுதியது போதவில்லை.

"இனிமே ரெண்டு பெட்டி அங்கிள்" என்று ஜெசிந்தா காட்டினாள். "எழுதினவங்க ரெண்டு பேர்னு ஆயிட்டதால, இது உங்களோடது, இது அவங்களோடது. அவங்க விரல்ல எழுதினது எல்லாம் அவங்க பெட்டியில இருக்கு. இந்த ஒண்ணு மட்டும் அனுப்பாம நிக்குது. குடும்பத்துல ஒருத்தர் கேட்டா அனுப்பலாம், ஆனா மாத்த முடியாது."

அதில் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. கண்ணு என்று தொடங்கும் அந்த வரிகளுக்கு மேலே கர்சரைக் கொண்டுபோனார். பழக்கதோஷம், ஒரு காற்புள்ளி வைக்கக் கை துடித்தது. தூதன் இடம் கொடுக்கவில்லை. அனுப்பினார்.

ஜெசிந்தா போனபின் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தூதன் சொன்னது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மகள் திட்டி எழுதுவாள், எழுதட்டும், திட்டுக்காவது ஒரு வரி வரட்டும் என்று தன் பெட்டியையே பார்த்திருந்தார். கொஞ்ச நேரத்தில் மெயில் வந்த சத்தம் கேட்டது. அவர் பெட்டியில் ஒன்றும் இல்லை. சாந்தாமணியின் பெட்டியில் இருந்தது. அனுப்பியவர் நிரஞ்சனா. பெறுநர், அம்மா.

தொட்டுப் பார்த்தார். திறக்கவில்லை. இரண்டு முறை தொட்டார். பிறகு ஜெசிந்தாவுக்குப் போன் போட்டார்.

"அது அவங்க பேருக்கு வந்தது அங்கிள். அவங்கதான் திறக்கணும்."

"அவதான் இல்லையே அம்முணி."

"ஆமாங்க" என்றாள் ஜெசிந்தா.

மறுநாளும் ஒன்று வந்தது. அதற்கு மறுநாள் இரண்டு. நீளமான கடிதங்கள் போலிருக்கிறது, வந்து இறங்கவே நேரம் பிடித்தது. ஒன்றில் புகைப்படங்கள் இணைத்திருப்பதாகக் குறி காட்டியது. ஒன்பது வருடத்தில் சொல்லாததையெல்லாம் மகள் தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அங்கே என்ன வேலை, யாரோடு பழக்கம், காது இப்போது எப்படி இருக்கிறது, எதுவும் நாச்சிமுத்துவுக்குத் தெரியாது. எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தது. சாந்தாமணி என்ற பெயருக்குப் பக்கத்தில், படிக்காத கடிதங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று.

அவர் தினமும் இரண்டு பெட்டிகளையும் பார்ப்பார். தன் பெட்டியில் மின்சார வாரியத்திலிருந்தும் வங்கியிலிருந்தும் மட்டும் கடிதம் வந்திருக்கும்.